நாமகாரணர்: பெயரிடுதல் என்னும் வினையும் புதுவையின் பெயர் வரலாறும்

புதுச்சேரியின் பழைய நகரைச் சூழ்ந்து செல்லும் புல்வார் வீதிகளுக்கு மேற்கே நெல்லித்தோப்பு அமைந்துள்ளது. நெல்லி மரங்கள் நின்ற தோப்பு என்பதன்றி அப்பெயருக்கு வேறு விளக்கம் வேண்டா. அங்கே விண்ணேற்பு அன்னையின் பெயரால் கத்தோலிக்க ஆலயம் ஒன்று உண்டு. நெல்லித்தோப்பிலும் அதனையொத்த பிற பகுதிகளிலும் வாழும் கிறிஸ்தவக் குடும்பங்களுள், வீட்டில் தமிழே பேசி, குடும்பப் பெயரைமட்டும் பிரஞ்சில் தாங்கியிருப்பவை பல. பாட்டனுக்கு முன்னோன் ஒருவன் ஒருநாள் அதிகாரி ஒருவர்முன் நின்று, தனக்கும் தன் சந்ததிக்கும் ஒரு பெயரைச் சொல்லி, அதைப் பதிவேட்டில் எழுதுவித்தான். அன்றுமுதல் அக்குடும்பம் அப்பெயரால் வழங்கலாயிற்று. பெயரைத் தந்தையிடமிருந்து பெறாமல் தானே தேர்ந்துகொண்ட மக்கள் இவர்கள். எபேசியருக்கு எழுதின நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை மாணவர்க்குக் கற்பிக்குங்கால் இவர்களை நாம் நினையாதிருக்க இயலவில்லை. அதன் காரணத்தைக் கூறுமுன், அவ்வதிகாரத்தில் வரும் ஒரு வினைச்சொல்லின் குலத்தை ஆராய்தல் வேண்டும்.

அக்குலத்தை ஆராய்வதற்குப் புதுச்சேரியைக்காட்டிலும் ஏற்ற ஊர் இல்லை. 1767ஆம் ஆண்டில் இங்கு வாழ்ந்த இயேசு சபைக் குருவாகிய கஸ்தோன் லொரான் கேர்து என்பவர் பாரிசு நகரத்துக் கல்விக் கழகத்திற்கு ஒரு வினாவை எழுதியனுப்பினார். சமஸ்கிருதத்தில் இலத்தீனோடும் கிரேக்கத்தோடும் ஒத்த சொற்கள் இத்துணை மிகுதியாக இருப்பதன் காரணம் யாது என்பதே அவ்வினா. வணிகத்தாலோ சமயத் தொடர்பாலோ கடன்கொண்டவையாக இவற்றைக் கொள்ள முடியாது என்று அவர் கண்டார். ஒரு மூலத்திலிருந்து பிரிந்த மொழிகள் என்று கொண்டார். அம்மூலத்தை யாப்பேத்தின் சந்ததியில் வைத்தார். யாப்பேத்தை இன்று மொழிநூலார் எவரும் துணைக்கழைப்பதில்லை. ஆயினும் சர் வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில் இக்கருத்தைச் சொல்லிப் புகழ்பெறுவதற்கு ஏறத்தாழ இருபதாண்டு முன்னரே புதுவையில் அது எழுத்திலேறிவிட்டது. கேர்துவின் கட்டுரை அச்சேறியது 1808இல்தான். அவர் 1779இலேயே புதுவையில் மறைந்துவிட்டார். தமிழ் அக்குலத்தைச் சேர்ந்ததன்று என்பதை 1816இல் எல்லிஸ் துரை எடுத்துக்காட்டினார். 1856இல் கால்டுவெல் ஐயர் அதனை நிலைநாட்டினார்.

கேர்து கண்ட ஒப்புமைக்கு மிகத் தெளிவான சான்றுகளுள் ஒன்று 'பெயர்' என்னும் பொருள்தரும் சொல்லே. இலத்தீனில் 'நோமென்', கிரேக்கத்தில் 'ஓனொமா', சமஸ்கிருதத்தில் 'நாமன்', பாரசீகத்தில் 'நாம்', கோதிக மொழியில் 'நமோ', அர்மீனியத்தில் 'அனுன்', பண்டை ஐரிஷ் மொழியில் 'ஐன்ம்', ஹித்தியரின் மொழியில் 'லாமன்'. இவையனைத்தும் ஒரு தாய்வயிற்றுச் சொற்கள். 'நோமென்' என்னும் பெயர்ச்சொல்லிலிருந்து இலத்தீனர் 'நோமினாரே' என்னும் வினையை ஆக்கினர். கிரேக்கர் 'ஓனொமாசெய்ன்' என்றனர். ஜெர்மானியர் 'நென்னென்' என்பர். இலத்தீனின் மகளாகிய பிரஞ்சில் அது தேய்ந்து 'நொம்மே' ஆயிற்று. இவையன்றி, பெயரை 'வைத்தல்' என்று கூறும் மரபும் பழமையானது. கிரேக்கர் ஓனொமாவோடு 'திதெனாய்' என்ற வினையைச் சேர்ப்பர். அதன் உடன்பிறப்பாகிய 'தா' என்னும் தாதுவைச் சேர்த்துச் சமஸ்கிருதத்தில் 'நாமதேயம்' என்பர். தமிழும் இக்குலத்தது அன்றாயினும் 'பெயர் இடு' என்றே சொல்லுகிறது. எபிரெயத்திலும் 'சீம்' என்னும் வைத்தல் வினை இவ்விடத்து வரும். தானியேல் 1:7இல் பாபிலோனின் அரண்மனை அதிகாரி சிறைப்பட்ட யூத வாலிபர்க்கு வேறு பெயர்களை இட்டதைச் சொல்லும்போது இவ்வினையே ஆளப்பட்டுள்ளது. அவ்விடத்தை மறவாதிருக்க வேண்டுகிறோம். பின்னர் அதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

வேறொரு வினையையும் இங்கே குறித்தல் தகும். 'நோமென்' என்பதோடு 'பற்றுதல்' என்னும் பொருளுடைய 'காபெரே' சேர்ந்து 'நுன்குபாரே' பிறந்தது. சாட்சிகள்முன் உரக்கச் சொல்லி உறுதிசெய்தல் என்பது அதன் பொருள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சார்ந்த உரோமரின் பன்னிரண்டு பலகைச் சட்டத்தில், இவ்வாறு நாவினால் சொல்லப்பட்டது அப்படியே சட்டமாகும் என்ற விதி இருந்தது. பெயரைச் சொல்லுதல் உரோமர்க்கு வெறும் பேச்சன்று. அது ஒரு செயல்.

தமிழுக்கு இக்குலத்தினர் வாடகைக்குக் குடிவந்தவரே. சமஸ்கிருத வாயிலாக 'நாமம்' வந்தது. வைணவரின் நெற்றிக்குறிக்கும் அதுவே பெயராயிற்று. அங்கிருந்து 'பட்டை நாமம்' என்னும் ஏமாற்றுக்கும் இறங்கிற்று. பாரசீகத்தில் 'பெயரில்லாத' என்னும் பொருள்படும் தொடர் 'பினாமி' ஆகி நம் பத்திரப்பதிவு அலுவலகங்களில் உலவுகிறது. வங்கிப் படிவத்தில் நாம் எழுதும் 'நாமினி', நோமினாரேயின் நேர்வழிப் பேரப்பிள்ளை. ஆனால் வீட்டுச் சொல் 'பெயர்' என்பதே. கன்னடத்து 'ஹெசரு'வும் தெலுங்கின் 'பேரு'வும் அதன் சுற்றத்தார். தொல்காப்பியர் சொற்களைப் பகுக்கும்போது பெயர் என்றும் வினை என்றும் பகுத்தார். கிரேக்கரும் உரோமரும் வடமொழியாரும் அவ்வாறே தத்தம் 'ஓனொமா'வையும் 'நோமெ'னையும் 'நாம'த்தையும் இலக்கணக் கலைச்சொல்லாக்கினர். உறவற்ற மொழிகள் இவ்வொன்றில் ஒன்றுபட்டது வியப்பே. தமிழுக்கே உரியதாக ஒன்று உண்டு. மகனுடைய மகனைப் 'பெயரன்', 'பேரன்' என்கிறோம். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்பது கருத்து. தமிழர் வழக்கில் பெயர் தந்தையிடமிருந்து மகனுக்கு நேரே இறங்குவதன்று; ஒரு தலைமுறை தாண்டி இறங்குவது.

உரோமர் வழக்கு இதனின் முற்றும் வேறு. உரோமக் குடிமகனுக்கு மூன்று பெயர்கள் உண்டு. முதலாவது, வீட்டார் இட்ட பெயர், மூன்றாவது, கிளைப்பெயர். நடுவில் நிற்பதே 'நோமென்'. அது குலத்தின் பெயர், தந்தையிடமிருந்து மாறாது வருவது. அப்போஸ்தலர் 13:7இல் வரும் அதிபதியாகிய செர்கியு பவுலின் பெயரில் 'செர்கியு' என்பது நோமென். அடிமைக்கு நோமென் கிடையாது. எசமானால் விடுதலையாக்கப்பட்டவன், குடியுரிமையோடு எசமானுடைய நோமெனையும் பெற்றான். நோமென் உடைமை குடிமகனாயிருத்தலுக்கு அடையாளம். ஆனால் விடுதலை பெற்றவனுடைய நோமென், அவன் யாருக்கு அடிமையாயிருந்தான் என்பதையும் கூடவே பறைசாற்றியது. பிரஞ்சு மொழியில் இன்றளவும் 'நோம்' என்றால் குடும்பப் பெயர். இட்ட பெயருக்கு 'பிரெனோம்', அதாவது முன்பெயர், என்பர். உரோமச் சட்டம் அச்சொல்லுக்குள் உறங்குகிறது.

இலத்தீன் வேதாகமத்தில் பெயரிடுதலுக்கு மூன்று வினைகள் வருகின்றன. ஆதியாகமம் முதலதிகாரத்தில் எபிரெயத்தின் ஒரே 'காரா' என்னும் வினையை எரோனிமுஸ் 5ஆம் வசனத்தில் 'அப்பெல்லாரே' என்றும் 8ஆம் வசனத்தில் 'வொகாரே' என்றும் பெயர்த்தார். இவ்வேறுபாட்டில் ஆழ்ந்த பொருள் தேடிப் பிரசங்கம் செய்வோரைக் கேட்டிருக்கிறோம். மொழிபெயர்ப்பாளரின் சுவை வேறுபாடு என்பதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. நோமினாரே வருமிடங்களோ அருமையானவை. ஏசாயா 62:2இல் கர்த்தருடைய வாய் சொல்லும் புதிய நாமத்தைப்பற்றிய வாக்கில் இவ்வினை வருகிறது. அங்கே எபிரெயச் சொல் 'நாகப்'. துளைத்தல், துளையிட்டுக் குறித்தல் என்பது அதன் அடிப்பொருள். லூக்கா 6:13இல் பன்னிருவரைத் தெரிந்தெடுத்து அப்போஸ்தலர் என்று பெயரிட்டதைச் சொல்லுமிடத்தும் அதுவே. பெயரிடுதலும் பதவியில் அமர்த்துதலும் இவ்வினையில் ஒன்றாய் நிற்கின்றன. புதுவைச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினர் மூவரை மத்திய அரசே நியமிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தபோது, நோமினாரே என்னும் அதிகாரம் யாருடையது என்பதே வழக்கு. பழைய வினா வேறுடையில் வந்தது, அவ்வளவே.

எபேசியர் 3:14, 15 வசனங்களே நமக்கு முதன்மையானவை. பவுலடிகள் அங்கே 'பாத்தேர்' என்னும் பிதாவையும், அச்சொல்லிலிருந்து பிறந்த 'பாத்ரியா' என்னும் குடும்பத்தையும், 'ஓனொமாசெதாய்' என்னும் பெயர்பெறுதலையும் ஒரே மூச்சில் சேர்க்கிறார். எல்லாக் குடும்பங்களும் பிதாவினிடத்திலிருந்து பெயர் பெறுகின்றன. இலத்தீனில் 'நோமினாத்துர்' என நிற்கிறது. நம் சபைகளில் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, வினையைப் பெயராக்கி, பிதாவை 'நாமகாரணர்' என்கிறது. பெயருக்குக் காரணர்! மூலத்தின் வினை தமிழில் மறைந்தது உண்மையே. ஆயினும் இதைவிட வலிய ஒரு சொல்லை வேறெம்மொழி மொழிபெயர்ப்பிலும் நாம் கண்டதில்லை. அம்மொழிபெயர்ப்பு பெரும்பாலும் தேவனுடைய பெயரை 'நாமம்' என்றும் மனிதருடைய பெயரைப் 'பேர்' என்றும் வேறுபடுத்துவது வாசகர் அறிந்ததே. இவ்விடத்திலோ, மனிதக் குடும்பங்களின் பெயரும் நாமம் எனப்பட்டுவிட்டது.

ஒரு குடும்பத்தின் பெயருக்கு மெய்யாகவே காரணர் யார்? புதுவையின் வரலாற்றில் இவ்வினா மும்முறை எழுந்தது என்று சொல்லத் துணிவோம்.

1703 நவம்பரில் பாப்பரசரின் தூதுவராகிய துர்னோன் என்பவர் சீனத்துக்குச் செல்லும் வழியில் புதுச்சேரியில் இறங்கினார். மதுரை மிஷனிலும் கர்நாடக மிஷனிலும் இயேசு சபையார் கைக்கொண்ட உள்ளூர் வழக்கங்களைப்பற்றிய வழக்கு அவர்முன் வந்தது. 1704 ஜூன் 23ஆம் தேதியிட்ட கட்டளையினால் அவர் அவற்றுள் பலவற்றைத் தடைசெய்தார். தாலி, பூப்பு நீராட்டு, ஒடுக்கப்பட்டோர் குடிசைக்குள் சென்று நோயாளிக்கு அருட்சாதனம் வழங்க மறுத்தல் ஆகியவை அக்கட்டளையில் இடம்பெற்றதைச் சபை வரலாறு படித்தவர் அறிவர். பெயரைப்பற்றியும் அதில் ஒரு விதி உண்டு என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. ஞானஸ்நானம் பெறுகிறவர்க்கு உரோமச் சபையின் புனிதர் பட்டியலிலுள்ள பெயரையே இடவேண்டும். தெய்வங்களின் பெயரையோ பிறசமயத் தவசிகளின் பெயரையோ இடலாகாது. நீண்ட வழக்காடலுக்குப் பின் 1744இல் பதினான்காம் பெனடிக்ட் இவ்விவகாரத்தை முடித்துவைத்தார்.

கட்டளை புனிதரைக் கேட்டது. தமிழ்ச் சபையோ அப்புனிதர்களையே தமிழராக்கிக்கொண்டது. இலத்தீனில் 'பாவுலுஸ்' என்றால் சிறியவன். ஆகவே பவுல் சின்னப்பர் ஆனார். யோவான் என்னும் எபிரெயப் பெயர் கர்த்தரின் அருளைச் சுட்டுவது, ஆகவே அருளப்பர். யோசேப்பு சூசையானார். சேவியர் சவரியானார். வீரமாமுனிவர் தேம்பாவணியில் யோசேப்பை வளன் என்றும் யோவானைக் கருணையன் என்றும் வழங்கினார். புதுவையின் பெருங்கோவிலுக்கு மக்கள் வழங்கும் 'சம்பா கோவில்' என்னும் பெயர்கூட, புனித பவுலின் போர்த்துக்கேயப் பெயர் மருவியதே என்பர். ஒரே அப்போஸ்தலர் ஓரிடத்தில் மொழிபெயர்க்கப்பட்டுச் சின்னப்பராகவும், மற்றோரிடத்தில் மருவிச் சம்பாவாகவும் நிற்கிறார்.

ஆனால் பெயரின் பிற்பகுதியை எவரும் தொடவில்லை. முன்னே புனிதர், பின்னே பிள்ளை, முதலியார், நாயக்கர். பட்டம் இல்லாதவனுக்கு அது இல்லாமையே பட்டம். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745 அக்டோபர் மாதத்து நிகழ்ச்சி ஒன்றை எழுதிவைத்துள்ளார். சம்பா கோவிலுக்குள் சாதிக் கிறிஸ்தவரையும் பறையர் எனப்பட்ட கிறிஸ்தவரையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் அதைக் கண்டித்தார், ஒடுக்கப்பட்டோர் திரண்டு சென்று முறையிட்டனர், சுவர் இடிக்கப்பட்டது, சாதிக் கிறிஸ்தவர் வெகுண்டெழுந்தனர். சுவரின் இருபுறத்திலும் நின்றவர்கள் ஒரே புனிதர் பட்டியலிலிருந்து பெயர் பெற்றவர்களே என்பதை நாம் மறத்தலாகாது.

நம் புரொட்டஸ்டாண்டு முன்னோர் இதில் மேலானவர் என்று பெருமைகொள்ள இடமில்லை. தரங்கம்பாடியில் 1707 மே 12இல் முதலாவது ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் டேனியரின் வீடுகளில் அடிமை ஊழியஞ் செய்தவர். கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்து, 1718இல் ஆரோன் ஆகி, 1733 டிசம்பர் 28இல் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் புரொட்டஸ்டாண்டு போதகரின் பெயர்மாற்றத்தை நாம் மகிழ்ச்சியோடு நினைவுகூருகிறோம். 1858இல் ஞானஸ்நானம் பெற்ற கிருஷ்ண பிள்ளை, ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயரை முன்வைத்துக்கொண்டார். துர்னோன் மன்னித்திருக்கமாட்டாத கிருஷ்ணனும் நின்றது, எவரும் கேளாத பிள்ளையும் நின்றது. சாதி வேறுபாட்டைச் சபையில் விட்டொழிக்கவேண்டுமென்று அத்தியட்சர் டானியேல் வில்சன் 1833இல் கடுமையாக எழுதினார். அதனால் தஞ்சையிலும் வேப்பேரியிலும் எழுந்த கலகத்தை மாணவர் அறிவர். பிசாசையும் அவனுடைய கிரியைகளையும் துறக்கிறாயா என்று ஞானஸ்நானத் தொட்டியருகே வினவிய போதகர் எவரும், பட்டத்தைத் துறக்கிறாயா என்று வினவவில்லை.

அவ்வினாவை வினவியது பிரஞ்சு அரசாங்கம். அதுவே புதுவையின் மூன்றாம் நிகழ்ச்சி, நம் கட்டுரையின் நடுப்பொருளும் அதுவே.

1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர் ஐரோப்பியர் அணியும் காலணியோடு புதுவை நீதிமன்றத்தில் நுழைந்தார். இந்தியர் அவ்வாறு வரலாகாது என்று அவர்மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டது. அவர் பணியவில்லை. வழக்குப் பாரிசிலுள்ள உச்ச மேல்முறையீட்டு மன்றம்வரை சென்றது; அங்கே அவர் வென்றார். கால் வென்ற உரிமையைப் பெயரும் வெல்லவேண்டும் என்று அவர் கருதினார்போலும். 1881 செப்டம்பர் 21ஆம் தேதியிட்ட பிரஞ்சு அரசாணை ஒன்று, இந்தியாவிலுள்ள பிரஞ்சுப் பகுதிகளில் வாழும் எச்சாதியாரும் எம்மதத்தாரும், ஆடவரும் பெண்டிரும், இருபத்தொரு வயது நிறைந்தபின், தம் சாதி சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரஞ்சுக் குடியியற் சட்டத்தின்கீழ் வரலாம் என்று வழிவகுத்தது. அவ்வாறு துறந்தவர் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். துறவு மீளப்பெற முடியாதது. துறக்கும்போதே தாமும் தம் சந்ததியாரும் தாங்கப்போகும் குடும்பப் பெயரை அறிவித்துப் பதிவுசெய்தல் வேண்டும். பொன்னுத்தம்பிப் பிள்ளை 'பிள்ளை'யை விட்டார். 'லாபோர்த்' என்ற பெயரை ஏற்றார். வாயில் என்பது அதன் பொருள். மற்றவர் நுழையத் தாம் வாயிலானேன் என்னும் கருத்தோடு அதைத் தேர்ந்தார் என்று சொல்லுவர்.

இச்சட்டத்தின் அமைப்பைச் சற்று நிதானித்துக் காண்க. முதலாவது துறத்தல், அடுத்துப் புதிய பெயர், பின்னர்ப் பதிவேடு, முடிவில் மீளாமை. ஞானஸ்நான முறைமை அறிந்த எவருக்கும் இவ்வரிசை பழகினதாகத் தோன்றும். சொல்லும் அதுவே. பழைய இலத்தீன் முறைமையில், துறக்கிறாயா என்னும் வினாவுக்கு விடை, 'அப்ரெனுன்தியோ'. பிரஞ்சு 'ரெனோன்சே' அதே வேரினது. மாணவர் சிலர் 'ரெனோன்சே' என்பதிலும் 'நோம்' என்னும் பெயர்ச்சொல் இருப்பதாக மயங்குவர். அது தவறு. தூதன் என்னும் பொருள்தரும் 'நுன்தியுஸ்' அதன் வேர். அறிவித்து விலகுதலே அதன் பொருள். நோமினாரேயின் உறவினர் 'ரெனொம்மே' என்னும் வேறொரு வினை. மீண்டும் பெயரிடுதல், பெயர்பெற்றோங்குதல் என்பன அதன் பொருள்கள். சொற்கள் உறவற்றவை, செயல்கள் இரண்டும் சபையில் என்றும் கைகோத்தே நின்றவை. மதச்சார்பற்றதென்று தன்னைச் சொல்லிக்கொண்ட பிரஞ்சுக் குடியரசு, அறிந்தோ அறியாமலோ, ஒரு ஞானஸ்நான முறைமையை இயற்றிவிட்டது.

சட்டம் கேட்ட பெயருக்கு 'நோம் பத்ரொனிமீக்' என்று பெயர். கிரேக்கத்தின் பாத்தேரும் ஓனொமாவும் அதில் இணைந்துள்ளன. தந்தைவழிப் பெயர் என்பது பொருள். எபேசியர் நிருபத்தின் இரு சொற்கள் ஓர் அரசாங்கப் படிவத்தில் வந்து நிற்கின்றன. அதிலுள்ள முரணைக் காண்க. தந்தைவழிப் பெயர் எனப்பட்டது, தந்தையிடமிருந்தோ வரவில்லை. தந்தையின் வழக்கைத் துறந்தவன் சூடிய பெயர் அது. உரோமில் விடுதலை பெற்ற அடிமை எசமானுடைய நோமெனைப் பெற்றான். பாபிலோனில் தானியேலுக்கு அதிகாரி பெயரிட்டான். துர்னோனின் கட்டளையில் குரு பெயரிட்டார். ரெனோன்சானோ தன் வாயினால் தன் பெயரைச் சொன்னான். 'நுன்குபாரே' என்பதற்கு இதனைவிட ஏற்ற எடுத்துக்காட்டு நமக்குத் தெரியாது. அவனே தன் பெயருக்குக் காரணன். வரப்போகும் பேரப்பிள்ளைகளின் பெயருக்கும் காரணன்.

யார் துறந்தனர்? பொன்னுத்தம்பியார் வேளாளர், ஆயினும் பெரும்பாலோர் கிறிஸ்தவரும் ஒடுக்கப்பட்ட சாதியினருமே. இழக்கப் பட்டம் இல்லாதவர்கள் பெயரைப் பெறுவதற்கு முன்வந்தனர். கொச்சின்சீனா முதலிய குடியேற்ற நாடுகளில் உத்தியோகம் தேடியவர்க்கு அதனால் ஊதியமும் மதிப்பும் கிடைத்தன என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. சாதி இந்துக்கள், சண்முக வேலாயுத முதலியாரின் தலைமையில், இதனை வன்மையாக எதிர்த்தனர். தங்கள் வழக்கங்கள் அழிந்துபோம் என்பது அவர்கள் அச்சம். வாக்குரிமையில் தங்கள் எண்ணிக்கை வலிமை குறையும் என்பதும் அதனோடு கலந்திருந்தது. 1884இல் வாக்காளர் ஐரோப்பியர், ரெனோன்சான், ஏனையோர் என மூன்று பட்டியலாகப் பிரிக்கப்பட்டனர். துறந்தவர் பிரஞ்சுக்காரரோடு ஒன்றாகிவிடவில்லை என்பதற்கு அப்பட்டியலே சான்று. சமத்துவத்தை வாக்களித்த அரசு, சமமானவர்க்கென்று தனிப் பந்தி விரித்தது.

இப்பெயர்களைக் குறைகூறுவோர் நம்மிடையே உண்டு. அன்னிய ஆதிக்கத்தின் எச்சம் என்பர். தாய்மொழியை விட்டுப் பெயர் தேடியது அடிமைப் புத்தி என்பர். பெல்தெஷாத்சார் என்று பெயர்பெற்ற தானியேலைக் காட்டுவர். இவ்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு என்று நாமும் கருதுகிறோம். சின்னப்பன், அருளப்பன் என்னும் பெயர்களை ஆக்கிய தமிழ்ச் சபையின் கற்பனை, ரெனோன்சான் பெயர்களில் பெரிதும் காணப்படவில்லை. ஆனால் தானியேலோடு ஒப்பிடுதல் பொருந்தாது. தானியேலின் பெயரில் தேவனுடைய நாமம் இருந்தது, அது பறிக்கப்பட்டது. பறையன் மகன் என்று பதிவேட்டில் எழுதப்பட்டவனுக்கு எது பறிபோயிற்று? தூய தமிழ்ப் பெயரைத் தாங்கியிருக்கலாமே என்று அவனுக்கு அறிவுரை கூறுகிறவர், தமிழ்ப் பெயரோடு அவனைத் தம் தெருவில் குடியிருத்தினாரா என்பதையும் சொல்லவேண்டும்.

தானியேலைவிட ஏற்ற ஒப்புமை லூக்கா முதலதிகாரத்தில் உள்ளது. எட்டாம் நாளில் அயலாரும் உறவினரும் வந்து, பிள்ளைக்குத் தகப்பனுடைய பெயராகிய சகரியா என்பதை இட முற்பட்டனர். தாய் மறுத்தாள். உன் உறவின் முறையாரில் இப்பெயரையுடையவன் ஒருவனும் இல்லையே என்பதே அவர்கள் வாதம். உறவினர் பெயருக்குக் கணக்கு வைத்திருந்தார்கள். பெயர் குலத்துக்குள்ளிருந்தே வரவேண்டும் என்பது அவர்கள் சட்டம். வாய் பேசமாட்டாத தகப்பன் எழுத்துப்பலகை கேட்டு, குலத்தில் இல்லாத பெயரை எழுதினான். எழுதினபின்னரே அவன் நா கட்டவிழ்ந்தது. சகரியா தன் பெயரைப் பிள்ளைமேல் வைக்கும் உரிமையை விட்டான். ஏனெனில் பிள்ளையின் பெயருக்குக் காரணர் வேறொருவர் என்று அறிந்தான். எபேசியர் 3:15 இதற்கு எதிர்ப்பட்டதன்று. பிதாவே எல்லாக் குடும்பத்திற்கும் நாமகாரணர் என்றால், எந்தத் தகப்பனும், எந்தச் சாதியும், எந்தச் சபையும், எந்த அரசும் அவ்வுரிமையை முற்றாகத் தனதென்று சொல்ல இயலாது. சாதிப் பட்டத்தைக் குலத்தின் மாறாச் சொத்தென்று காத்தவர்கள், பவுலடிகள் பிதாவுக்குரியதென்று சொன்னதைப் பாட்டனுக்குரியதாக்கினர். ரெனோன்சான், தான் அறியாமலே, அதை மறுத்தான். அவன் அதனைச் சபையில் மறுக்கவியலாமல் அரசு அலுவலகத்தில் மறுக்கவேண்டியிருந்தது என்பதே நம் சபை வரலாற்றாசிரியர்கள் எழுதாமல் விட்ட செய்தி.

அதன்பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்வோம். 1954 நவம்பர் முதல் தேதியில் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்தது. அங்குப் பிறந்து வாழ்ந்தவர் இந்தியக் குடிமக்களாயினர். ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தோர் பிரஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாயிற்று. ரெனோன்சான் குடும்பங்களுள் இரு வழியிலும் சென்றவர் உண்டு. ஆகவே குடும்பப் பெயரைக்கொண்டு ஒருவருடைய குடியுரிமையை இன்று அறியவியலாது. பிரஞ்சுப் படையில் பணிசெய்து ஓய்வூதியம் பெறுகிற 'சொல்தா'வின் வீட்டிலும் அப்பெயர் உண்டு. இந்தியக் குடிமகனாகிய எழுத்தரின் வீட்டிலும் உண்டு.

திருமண அறிக்கையும் ஞானஸ்நானச் சான்றும் எழுதும் போதகர்க்கு இது சிறு தொல்லை தருவது. இந்தியச் சான்றில் தந்தையின் பெயர் ஒரு தலையெழுத்தாக முன்னே நிற்கும். பிரஞ்சுச் சான்றிலோ 'நோம்' எனவும் 'பிரெனோம்' எனவும் இரு கட்டங்கள் உண்டு, இரண்டும் நிரப்பப்படவேண்டும். குடும்பப் பெயரே இல்லாத தமிழர், ஈழத்திலிருந்து பாரிசுக்குச் சென்றவர்கள் உட்பட, அக்கட்டத்தில் தந்தையின் இட்ட பெயரை எழுதிவிடுகின்றனர். எழுதிய அக்கணமே அது நோம் ஆகிறது. மகனுக்குப் பிறக்கும் மகனும் அதையே தாங்குவான். பாட்டனுடைய பெயரைப் பேரன் தாங்குதல் என்னும் தமிழ் வழக்கு, உரோமரின் நோமென் வழியாக, ஒரு பிரஞ்சுப் படிவத்தில் அவ்வாறு நிறைவேறிவருகிறது.